சணல் குடித்த தண்ணீர்

புதிதாக மெஷின் வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்காக, என் அனுபவத்திலிருந்து நாலு விஷயம் எழுதிக் கொடுக்கும்படி கம்பெனியில் கேட்டார்கள். என்னிடம் நாலு இல்லை. ஒன்றுதான் இருக்கிறது. அதுவும் நான் கெட்டிக்காரத்தனமாகச் செய்த காரியம் இல்லை. கேட்டவர்கள் இதைப் படித்துவிட்டு உங்கள் கைக்குக் கொடுக்காமலே வைத்துக்கொள்ளலாம். அது அவர்கள் பாடு.

கார்பெட்டை எப்படிச் சுத்தம் செய்வது என்று சொல்லித் தர வேறு ஆட்கள் இருக்கிறார்கள். முதலில் உலர்ந்த தூசியை நிதானமாக உறிஞ்சி எடுக்க வேண்டும், மருந்தை அடித்து ஊறவிட வேண்டும், அடித்த தண்ணீரை அடித்த கையோடு மெஷினால் திரும்ப இழுத்துவிட வேண்டும். இதெல்லாம் பத்து நாளில் உங்களுக்குக் கைவந்துவிடும். எங்கே நிறுத்துவது என்பதுதான் வராது. முப்பது வருஷம் இந்தப் பெங்களூரில் ஆபீஸ் ஆபீஸாகப் போய்க் கார்பெட் கழுவியவன் சொல்கிறேன், எனக்கு அது வரவில்லை.

நம் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. மெஷின் இழுத்த அழுக்குத் தண்ணீரை ஒரு வெள்ளை பக்கெட்டில் பிடித்து, அந்த இடத்து மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டுவது. "பாருங்க சார், இவ்ளோ நாளா இது மேலதான் நடந்துக்கினு இருந்தீங்க" என்போம். தண்ணீர் டிகாக்‌ஷன் மாதிரி இருக்கும். அவர் முகத்தைச் சுளிப்பார், பிறகு சந்தோஷப்படுவார், போனில் படம் எடுத்துக்கொள்வார். அன்றைக்கு வேலை எப்படி நடந்தாலும் நல்ல பெயர் நிச்சயம். எங்கள் கம்பெனியில் இந்த வித்தையை ஆரம்பித்து வைத்தவனே நான்தான். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. இப்போது எங்கேயாவது வெள்ளை பக்கெட்டைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

நான் சூப்பர்வைசராக இருந்த குழுவில் பவுனம்மா என்று ஒருத்தி மெஷின் ஓட்டினாள். நீலசந்திராவில் எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி அவள் வீடு. எங்கள் கம்பெனியில் மெஷின் ஓட்டிய முதல் பெண் அவள்தான். அது லேசில் கிடைத்தது இல்லை, அதனால் அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

வேலைக்கு வருகிற பெண்களில் யார் பேன்ட்ரியில் காபி போடுவது, யார் மேஜை துடைப்பது, யார் பாத்ரூம் கழுவுவது என்று நம் கம்பெனியில் எங்கேயும் எழுதி வைத்திருக்கவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை. எந்தத் தெரு, அம்மா என்ன வேலை செய்தாள் என்று இரண்டு கேள்வி கேட்பார்கள், முடிந்தது. பவுனம்மாவின் அம்மா தெருக் கூட்டியவர். அவளைக் கேட்காமலே பாத்ரூமுக்கு அனுப்பினார்கள். ஏழு வருஷம் கழுவினாள். ஆசிட் பட்டுப் பட்டு விரல் நுனியில் தோல் உரிந்துகொண்டே இருக்கும். சாப்பாட்டு வேளையில் பேன்ட்ரிப் பெண்கள் பெஞ்சில் உட்காருவார்கள். பாத்ரூம் பெண்கள் பின்பக்கப் படிக்கட்டில் உட்காருவார்கள். அப்படி உட்காரச் சொல்லி யாரும் எழுதி வைக்கவில்லை.

அவள் தினம் அரை மணி நேரத்தில் சாப்பிட்டு முடித்துவிட்டு, நாங்கள் மெஷின் ஓட்டுவதை வந்து பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒரு நாள் மெஷின் தண்ணீரை இழுக்காமல் மக்கர் செய்தது. நாங்கள் மூன்று ஆம்பிளைகள் அதைக் கவிழ்த்துப் போட்டுத் தேடிக்கொண்டிருந்தோம். "பைப்பு மூடியில ரப்பர் கழண்டுக்கிச்சி ண்ணா, நேத்தே பாத்தேன்" என்றாள். அன்றைக்கே அவளை என் குழுவுக்குக் கேட்டேன். மேலே ஒப்புக்கொள்ளவில்லை. பொம்பளைக்கு வேண்டாம், கனமான மெஷின் என்றார்கள். ஆறு மாதம் நானும் விடவில்லை, கடைசியில் கிடைத்தது. மெஷின் வேலைக்கு வந்த முதல் வாரம் அவள் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டாள். பேன்ட்ரிப் பெண் ஒருத்தி தன் டப்பாவிலிருந்து ஊறுகாய் எடுத்துக்கொண்டாள் என்று பவுனம்மா என்னிடம் வந்து சொன்னாள். "கேட்டு வாங்கினா ண்ணா" என்றாள். நான் வாழ்க்கையில் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அது. அதைக் கெடுத்ததும் நான்தான்.

கன்டோன்மென்ட் பக்கம் ஒரு பழைய கம்பெனி. பெயர் எதற்கு. அங்கே கூட்ட அரங்கில் அந்தக் காலத்துக் கம்பளி நெசவுக் கார்பெட், வெளிர் மஞ்சள் நிறம், பல வருஷ அழுக்கு. திங்கட்கிழமை வெளிநாட்டிலிருந்து முதலாளிமார் வருகிறார்கள், சனி ஞாயிறு இரண்டு நாள் உங்களுக்கு என்று அந்த இடத்து மேனேஜர் சொல்லியிருந்தார். "ஹொசது தரா இரபேகு" என்றார். புதுசு மாதிரி இருக்க வேண்டுமாம். "இருக்கும் சார்" என்று வாக்குக் கொடுத்தேன். கார்பெட்டின் மூலையைக்கூட அப்போது நான் தூக்கிப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை காலையில் தூசி உறிஞ்சி முடித்ததும் பவுனம்மா கதவு ஓரத்திலிருந்து கூப்பிட்டாள்.

"அண்ணா, செத்த வாங்கோ. மூலையில தூக்கிப் பாத்தேன். அடியில சணல் இருக்குது."

"இருக்கட்டும்."

"சணலு தண்ணியக் குடிச்சிக்கினே இருக்கும் ண்ணா. மெஷினு இழுத்தாலும் திருப்பிக் குடுக்காது. காயறப்போ கறை மேல ஏறிடும். பவுடர் போட்டு, தேச்சி, உறிஞ்சி எடுத்துடலாம். ரெண்டு நாள் இருக்குது இல்ல?"

அவள் சொன்னது சரி என்று எனக்கு அப்போதே தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று நீங்கள் என்மேல் இரக்கப்படக் கூடாது. அடியில் சணல் வைத்து நெய்த கார்பெட்டுக்குத் தண்ணீர் எமன். அது நம் தொழிலில் அரிச்சுவடி. ஆனால் பவுடர் போட்டுத் தேய்த்தால் பக்கெட்டில் காட்டத் தண்ணீர் வராது. அந்த மேனேஜர் அங்கே கையில் போனோடு நின்றுகொண்டிருந்தார், வேறொரு ஆபீஸில் நான் செய்த வித்தையை யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். அவருக்கு அதைக் காட்ட வேண்டும் என்று எனக்குக் கை அரித்தது.

"நீ ஓட்டு பவுனு. நான் பாத்துக்கறேன்" என்றேன்.

அவள் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். பிறகு ஓட்டினாள்.

உங்களிடம் யாராவது சூப்பர்வைசர் "நீ ஓட்டு, நான் பாத்துக்கறேன்" என்று சொன்னால், அந்த இடத்திலேயே மெஷினை அணைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள் என்று எழுத ஆசைதான். ஆனால் அணைத்தவரை அன்று சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நானே அனுப்பியிருக்கிறேன். அதனால் அந்தப் புத்திமதியை உங்களுக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

முதல் பக்கெட் கறுப்பாக வந்தது. மேனேஜர் படம் எடுத்தார், என் தோளைத் தட்டினார், போய்விட்டார். இரண்டாவது பக்கெட்டும் கறுப்பு. மூன்றாவது வெளுத்திருக்க வேண்டும், வெளுக்கவில்லை. "இது அழுக்கு இல்ல ண்ணா, சணலு சாயம் வுடுது. நிறுத்திடலாம்" என்றாள் பவுனம்மா. எனக்கு வீம்பு ஏறிவிட்டது. ஒரு தடவையாவது தண்ணீர் தெளிந்து வந்தால் போதும் என்று தோன்றியது. தலைக்கு மேலே வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன என்று இன்னொரு சுற்று, அப்புறம் இன்னொரு சுற்று என்று ஓட்ட வைத்தேன். அப்போது மேனேஜர்கூட அங்கே இல்லை. அவருக்காகச் செய்தேன் என்று சொல்லவும் வழியில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பார்த்தேன். வெளியே பெங்களூர்த் தூறல். லீவு நாள் என்று கட்டடத்தில் ஏசியை நிறுத்தியிருந்தார்கள். திறக்க முடியாத கண்ணாடி ஜன்னல்கள். கதவைத் திறந்ததும் நனைந்த சாக்கு நாற்றம் மூஞ்சியில் அடித்தது. சுவர் ஓரமாக ஒரு விரல் அகலத்துக்குப் பழுப்பு ஏறியிருந்தது. பவுனம்மா எனக்கு முன்னால் வந்து, துண்டை விரித்து அதன்மேல் ஏறி நின்று மிதித்து மிதித்து ஈரத்தை எடுத்துக்கொண்டிருந்தாள். அன்று அவளுக்கு லீவு. மனசு கேட்கவில்லை என்று வந்திருந்தாள்.

"சாருக்குப் போன் போடுங்கோ ண்ணா. ஏசி போடச் சொல்லுங்கோ. குடோன்ல இருந்து ப்ளோயர் எல்லாம் கொண்டாந்து வெச்சி, புளிப்பு மருந்து அடிச்சம்னா கறை ஏறுறது பாதியாச்சும் நிக்கும்."

"போன் போட்டு என்னன்னு சொல்றது?"

"தண்ணி ஜாஸ்தி ஆயிடுச்சின்னு சொல்லுங்கோ. அதான நடந்துது?"

அதுதான் நடந்தது. அந்த மூன்று வார்த்தையை அன்று காலையில் நான் சொல்லியிருந்தால் கார்பெட் முழுசாகப் பிழைத்திருக்காது, ஆனால் மனிதர்கள் பிழைத்திருப்பார்கள். ஒரு முழு நாள் கையில் இருந்தது. போனைக் கையில் எடுத்தேன், நம்பரைக்கூடத் தேடினேன். சூப்பர்வைசருக்குச் சணல் தெரியாதா என்று கேட்பார்களே என்று நினைத்தேன். போனை உள்ளே வைத்துவிட்டேன்.

"காஞ்சிடும், நீ வீட்டுக்குப் போ" என்றேன்.

"காயாது ண்ணா" என்று சொல்லிவிட்டு மத்தியானம் வரைக்கும் மிதித்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலையில் அந்த அரங்கைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கோலம் தெரியும். வெளிர் மஞ்சள் கார்பெட் முழுவதும் திட்டுத் திட்டாகத் தேநீர் கொட்டியது மாதிரி பழுப்பு. சணல் சுருங்கி, நடுவில் இருந்த இணைப்புப் பிரிந்து, சிமெண்ட் தரை தெரிந்தது. விருந்தாளிகள் வர இரண்டு மணி நேரம்தான் இருந்தது. அந்த மேனேஜர் கத்தவில்லை. அவருக்கு முகம் வெளிறிப் போயிருந்தது. அவருக்கும் மேலே ஆட்கள் இருக்கிறார்கள் அல்லவா. நாங்கள் ஐந்து பேர் சுவரோரம் வரிசையாக நின்றோம்.

"யாரு மாடித்து இது?" என்று கேட்டார். யார் செய்தது என்று கேட்கிறார்.

"மெஷின் பவுனம்மாதான் ஓட்டினாங்க சார்" என்றேன்.

அது பொய் இல்லை, பாருங்கள். அவள்தான் ஓட்டினாள். பல வருஷம் அந்த வாக்கியத்தை நான் மனசுக்குள் புரட்டிப் புரட்டிப் பார்த்து, பொய் இல்லை, பொய் இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். பவுனம்மா என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவள் பேசாமல் இருந்தது எனக்கு அன்றைக்கு வசதியாக இருந்தது.

அன்று மத்தியானம் நம் கம்பெனியிலிருந்து பெரிய மேனேஜர் வந்தார். விசாரணைத் தாள் ஒன்று வைத்திருந்தார். என்னைத் தனியாக உட்காரவைத்து, "தண்ணி அதிகமா வுடச் சொல்லி யாராவது சொன்னாங்களா?" என்று நேராகவே கேட்டார். நல்ல மனிதர். உண்மையைச் சொல்ல அவர் எனக்கு வாசலைத் திறந்து பிடித்துக்கொண்டுதான் நின்றார். "இல்ல சார்" என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். கையெழுத்தும் போட்டேன்.

ஏன் என்று கேட்பீர்கள். நானும் பவுனம்மா வந்த இடத்திலிருந்து வந்தவன்தான். என் அம்மாவும் தெருக் கூட்டியவர். நானும் முதல் நாலு வருஷம் பாத்ரூம் கழுவினேன். சூப்பர்வைசர் சட்டையைக் கழற்றினால் என்னை எங்கே அனுப்புவார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கட்டடத்திலேயே பவுனம்மாவுக்கு அடுத்தபடியாக அது எப்படிப்பட்ட இடம் என்று தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். தெரிந்துதான் அவளை அங்கே அனுப்பினேன். தெரியாதவன் செய்திருந்தால் ஏதாவது மன்னிப்பு இருக்கும்.

அவளை மெஷினிலிருந்து எடுத்தார்கள். ஒரு மாலில் பாத்ரூம் டியூட்டி போட்டார்கள். கூடவே, இனிமேல் மெஷினுக்குப் பெண்கள் வேண்டாம் என்று கம்பெனிக் கூட்டத்தில் ஒரு பேச்சும் வந்தது, அதற்கும் அந்தக் கார்பெட்டைத்தான் உதாரணம் காட்டினார்கள். நான் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். தலையை ஆட்டினேனா இல்லையா என்று எனக்கு ஞாபகம் இல்லை. ஆட்டியிருப்பேன்.

பிறகு சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். தீபாவளி போகட்டும், இந்தப் பெரிய வேலை முடியட்டும், மகள் கல்யாணம் ஆகட்டும் என்று தள்ளிக்கொண்டே போனேன். ஒரு தடவை அந்த மாலுக்குப் போனபோது இரண்டாவது மாடியில் அவளைப் பார்த்தேன். ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, ஈரத் தரை என்று எழுதிய மஞ்சள் பலகைக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். மால்களில் பாத்ரூம் ஆட்கள் உட்கார நாற்காலி போட மாட்டார்கள். நான் வந்த வழியே திரும்பி இறங்கிவிட்டேன். நான் ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டு, என் சர்வீஸில் என்மேல் ஒரு புகார்கூட இல்லை என்று பேசினார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அந்தப் பாவம் மாலையோடு வீட்டுக்கு வந்தது. அன்று இரண்டு வாய்கூடச் சாப்பிட முடியவில்லை.

இப்போது உங்கள் பேட்ச்சை ஆரம்பிக்கும்போது, பெண்களையும் எடுக்கப் போகிறோம் என்று பயிற்சிக்குப் பொறுப்பாக இருப்பவர் சொன்னார். பவுனம்மாவின் மகள் திவ்யாவும் நம் கம்பெனியில்தான் இருக்கிறாள். ஒரு ஐடி பார்க்கில் பாத்ரூம் டியூட்டி. அவளை யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள். அம்மா என்ன வேலை செய்தாள் என்பது ஆபீஸிலேயே இருக்கிறதே. அவள் பெயரைப் பட்டியலில் சேர்க்கச் சொன்னேன், சேர்த்தார்கள். ஏதோ ஒன்றை நேர் செய்துவிட்டேன் என்ற நினைப்பில் அந்த வாரமே நீலசந்திராவுக்குப் போனேன்.

பவுனம்மா வாசலில் உட்கார்ந்து ஊறவைத்த அவரைக்கொட்டையைப் பிதுக்கிக்கொண்டிருந்தாள். எழுந்து நாற்காலி எடுத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன்.

"தப்பு என்னுது பவுனு. அன்னிக்கு எல்லார் முன்னாலயும் சொல்லி இருக்கணும். சொல்லல."

"தெரியும் ண்ணா."

"நீயாவது வாயத் தொறந்திருக்கலாமே. ஏன் பேசாம நின்ன?"

அவள் ஒரு கொட்டையைப் பிதுக்கித் தோலைத் தள்ளி வைத்தாள்.

"மெஷினு பவுனம்மாதான் ஓட்டினாங்கன்னு சொன்னீங்கோ. சரிதான, நான்தான ஓட்டினேன். அடுத்தது சொல்லுவீங்கோன்னு உங்க வாயவே பாத்துக்கினு நின்னேன்." பிறகு, "ரொம்ப நேரம் நின்னேன் ண்ணா" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கிறேன், உன் பெயரைச் சரிசெய்யச் சொல்கிறேன் என்றேன். "இப்போ எழுதி? முட்டி தேஞ்சிப் போச்சி, மெஷின இழுக்கவா போறேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் கொஞ்சம் தெம்பாகத் திரும்பி வந்திருப்பேன்.

திவ்யா உள்ளே மத்தியான ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிட்டு, மெஷின் பயிற்சியில் அவளுக்கு இடம் இருக்கிறது, சம்பளமும் கொஞ்சம் கூடும், இனிமேல் பாத்ரூம் பக்கமே போக வேண்டாம் என்றெல்லாம் சொன்னேன். சீப்பை வாயில் கவ்விக்கொண்டு தலையைப் பின்னிக்கொண்டே கேட்டாள். பின்னி முடித்துவிட்டுச் சீப்பை எடுத்தாள்.

"வேணாம் மாமா."

"ஏம்மா? உங்க அம்மாவுக்கு அது எவ்ளோ பிடிச்ச வேலை தெரியுமா?"

"தெரியும் மாமா. அதுல ஏதாச்சும் ஒண்ணு ஆச்சின்னா திரும்ப பாத்ரூமுக்கு அனுப்புவாங்கோ. இப்போ என்னை எங்க அனுப்ப முடியும்? இதுக்குக் கீழ எடம் இல்ல."

பஸ் நம்பர் சொல்வது மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். பவுனம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. மகள் சொன்னதை மறுத்து அவள் ஒரு வார்த்தை சொல்வாள் என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் சொல்லவில்லை.

மெயின் ரோட்டுக்கு வந்து, பயிற்சிக்கு இருப்பவருக்குப் போன் செய்து திவ்யாவின் பெயரை எடுத்துவிடச் சொன்னேன். அன்று சாயங்காலமே வேறொருவரைப் போட்டுவிட்டதாகச் சொன்னார். அது உங்களில் ஒருவர். யார் என்று நான் கேட்கவில்லை.